தாத்தாவின் றங்குப்பெட்டியில் இருந்த கேலிச்சித்திரம்

குழு: எங்கள் குடும்பம், ஹற்றன்

கவிதா (மாலை 6.12): பெரியப்பா, அத்தை, அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் ஓர் அருங்காட்சியகத்தில் அரசியல் கேலிச்சித்திரக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு ரயிலில் திரும்பிக்கொண்டிருக்கிறேன். பிரெஞ்சுக் கலைஞர் ஓனோரே தோமியே 1831 இல் வரைந்த படத்தின் பிரதி ஒன்றை விட்டு நகரவே எனக்கு மனம் வரவில்லை. மன்னர் லூயி பிலிப் அரக்கனைப் போல அமர்ந்திருக்க, அவருடைய வாய்வரை நீளும் பலகையில் ஆட்கள் முதுகில் கூடை சுமந்து ஏறி, ஏழைகளிடம் வாங்கிய காசை உள்ளே கொட்டுகிறார்கள். அந்தப் படத்துக்காகத் தோமியேயை 1832 இல் சிறையில் அடைத்தார்கள்.

பெரியப்பா (6.25): கூடை என்றதும் தாத்தாவின் றங்குப்பெட்டி நினைவுக்கு வந்தது, மகள். அதில் 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தக் காலத்துப் பத்திரிகை நறுக்கு ஒன்று இருக்கிறது. 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று மலையகத் தமிழர்களான நம்மை இலங்கையும் இந்தியாவும் எண்ணிப் பிரித்த ஒப்பந்தம் அது. படத்தில் இரண்டு நாட்டுத் தலைவர்களும் ஒரு தேயிலைக் கொழுந்துக் கூடையை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். கூடைக்குள் இருப்பவர்கள் நம் ஆட்கள். ஓரமாக நிற்கும் பெண்ணின் கூடையை மட்டும் ஓவியர் பையைப் போலத் தோளில் மாட்டிவிட்டார். தாத்தா அந்தக் கயிற்றைப் பென்சிலால் அடித்துவிட்டு, தலையிலிருந்து தொங்குவதாகத் திருத்தியிருக்கிறார்.

அத்தை (6.31): அண்ணா, அன்று நான் பக்கத்தில்தான் இருந்தேன். கோடு சரியாக வர வேண்டும் என்று அப்பா, வேலை முடிந்து வந்த அம்மாவை மறுபடியும் கூடையை மாட்டிக்கொண்டு லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நிற்கச் சொன்னார். அம்மாவும் மறுபேச்சின்றி நின்றார்.

கவிதா (6.40): அத்தை, இதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. அந்த ஓவியர் நம் பக்கம் நின்றுதான் வரைந்திருக்கிறார். ஆனாலும் மலைக்கு வந்து ஒரு கொழுந்துக் கூடையைப் பார்க்கவில்லை. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் வாக்குச்சீட்டே இல்லாதிருந்த தாத்தா, தம் மக்களைப் பற்றிய படத்தைத் திருத்தும் உரிமையைத் தாமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார். கண்காட்சியில் நான் பார்த்த எந்தப் படத்துக்கும் இது குறைந்ததல்ல.

தம்பி (6.44): அக்கா, நாளைக்கே டவுனில் கொடுத்து லேமினேட் செய்து வைக்கட்டுமா?

கவிதா (6.49): வேண்டாம் தம்பி. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக் காகிதம் கிழியாமல் மீண்டும் பிரிப்பது மிகவும் கடினம். பத்திரிகைக் காகிதம் மரக்கூழில் செய்யப்படுவதால் வெளிச்சம் பட்டால் பழுத்து நொறுங்கும். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சணமும் பிடிக்கும். அமிலம் இல்லாத தாளுக்கு இடையில், மடிக்காமல் வையுங்கள். கம்பளைப் பக்கம் ஒரு பழைய லயத்திலேயே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. அவர்களிடம் காட்டுவோமா, பெரியப்பா?

பெரியப்பா (7.05): காட்டுவோம். சனிக்கிழமை நீ வந்ததும் சேர்ந்தே போகலாம். அதற்கு முன் தம்பி இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வைக்கட்டும். பின்பக்கத்தில் தாத்தா தேதி எழுதியிருக்கிறார்.

அத்தை (7.08): விவரக் குறிப்பில் அப்பாவின் பெயரோடு அம்மாவின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள், அண்ணா.