சீரியல் இழுவை, சினிமா அவசரம்: நான் பார்த்த வரையில்

சீரியலும் பார்ப்பேன், சினிமாவும் பார்ப்பேன், பிடிக்காவிட்டால் இரண்டையும் வாய்விட்டுத் திட்டவும் செய்வேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரத் தயார். ஆனால் உட்கார்ந்ததற்கு ஒரு மனுஷனையோ மனுஷியையோ நன்றாகத் தெரிந்துகொண்டு எழுந்திருக்க வேண்டும். நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான். அதை வைத்துத்தான் எனக்குப் பிடித்ததையும் பிடிக்காததையும் இங்கே சொல்கிறேன்.

முதலில் மெட்டி ஒலி. 2002-ல் வந்தபோது அங்கங்கே பார்த்ததுதான். 2020 ஊரடங்கில் சன் டிவியில் மறுபடி போட்டபோது உட்கார்ந்து பார்த்தேன். 800 பகுதிக்கு மேல் ஓடிய தொடர். கதை என்று பார்த்தால் சிதம்பரம் தன் ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுக்கிறார், அந்தப் பெண்கள் போன இடத்தில் படும் பாடு, அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டில் பணம் எங்கிருந்து வருகிறது, எது எதற்குப் போகிறது என்பது பார்க்கிற நமக்குத் தெரியும். அந்தக் கணக்கு தெரிந்ததால்தான், மகள் சரோவின் மாமியார் ராஜம் ஒரு வார்த்தை தரக்குறைவாகப் பேசினால்கூட சிதம்பரமாக வந்த டெல்லி குமார் முகம் வாடுவது நமக்கு வலிக்கிறது. வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே ராஜத்தைத் திட்டாத பெண்கள் எங்கள் தெருவில் இல்லை.

அதில் சரோவின் கணவன் மாணிக்கமாக வந்த சேத்தனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அம்மா பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டு பெண்டாட்டியைப் படுத்துகிற ஆள். அவரே அதற்கு முன்னால் மர்மதேசம் தொடர் வரிசையின் விடாது கருப்பில் வந்தவர். அப்புறம் 2023-ல் விடுதலையில் சூரியை வதைக்கிற அதிகாரியாகப் பார்த்தபோது தியேட்டரில் என் பக்கத்து சீட்டு அம்மா, "இவன் மெட்டி ஒலியிலேயே இப்படித்தான்" என்று சத்தமாகவே சொன்னார். இத்தனை வருஷம் கழித்தும் ஒரு சீரியல் பாத்திரத்தின் மேல் கோபம் தீரவில்லை என்றால் அது எப்பேர்ப்பட்ட நடிப்பு! சின்னத்திரை நடிகர்களை சினிமாக்காரர்கள் இன்னும் நிறையப் பயன்படுத்த வேண்டும் என்பது என் தீராத ஆசை.

இப்போது வருகிற பெரும்பாலான சீரியல்களில் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. ஒருத்தி கன்னத்தில் அறை வாங்குகிறாள். உடனே ஹாலில் நிற்கிற அத்தனை பேர் முகத்தையும் ஒரு சுற்று காட்டுகிறார்கள், ஒவ்வொரு முகத்துக்கும் இடி இடிக்கிறது. விளம்பரம் முடிந்து வந்தால் அதே அறை மறுபடியும். அன்றைய பகுதி முடிந்தே போகிறது. வியாழக்கிழமை வருகிற டிஆர்பிக்காக வாரம் ஒரு கல்யாணத்தை நிறுத்துவது, அதுவும் போதாமல் இரண்டு சீரியல் குடும்பங்களை ஒரே மண்டபத்தில் கொண்டுவந்து மகா சங்கமம் என்று போடுவது. இதைப் பெண்கள் விரும்பிப் பார்க்கிறார்கள் என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. வேலை முடிந்து உட்காருகிற நேரத்தில் வேறு என்ன கொடுத்தார்கள்?

நல்லதாகக் கொடுத்தால் எப்படிப் பார்ப்பார்கள் என்பதற்கு எதிர்நீச்சல் சாட்சி. கோலங்கள் எடுத்த அதே திருச்செல்வம். என் மாமியாருடன் சேர்ந்துதான் பார்ப்பேன். வீட்டுப் பெண்களை அடக்கிவைக்கிற ஆதி குணசேகரனாக மாரிமுத்து திரையில் வந்து அந்த "இந்தாம்மா ஏய்" என்றதும் ஊரே சிரித்தது, மீம்ஸ் போட்டது. அத்தை சிரிக்க மாட்டார். ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே, "எங்க பெரியண்ணன் இப்படியேதான் பேசும். சாப்பாட்டுத் தட்டை நவுத்துறதுகூட இதே மாதிரிதான்" என்றார். தன் பிறந்த வீட்டைப் பற்றி அத்தை அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றிலிருந்து சீரியல் நேரத்தில் எங்களுக்குள் பேச்சு வளர்ந்தது. அந்த வீட்டுக் கிழவி பட்டம்மாளுக்குச் சொத்தில் இருக்கிற 40 சதவீதப் பங்கைப் பற்றி அத்தை ஆர்வமாகக் கேட்பார்: "அந்தக் கிழவி எழுதிக் குடுத்துருவாளா?" தன் பெயரில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர் கேட்கிற கேள்வி அது.

2023 செப்டம்பரில் மாரிமுத்து இறந்தபோது அத்தை இரண்டு நாள் டிவி போடவில்லை. பிறகு வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். அவர் நல்ல நடிகர், நல்ல எழுத்தாளர். ஆனாலும் வெளிப்படையாகச் சொல்கிறேன், தொடர் அதன் பிறகு எனக்கு ஒட்டவில்லை. மாரிமுத்து கொடுமைக்காரனுக்குள் ஒரு கோமாளியையும் வைத்திருந்தார். அந்தக் கோமாளித்தனத்தால்தான் அந்த வீட்டுப் பெண்கள் அவனை ஒருநாள் ஜெயித்துவிடுவார்கள் என்று நம்ப முடிந்தது. அது போன பிறகு மிரட்டல் மட்டும் மிஞ்சியது. 2024-ல் முடித்தபோதும் சட்டென்று முடித்த மாதிரி இருந்தது.

சினிமா பக்கம் வந்தால், இங்கே பலர் திட்டிய ஒரு படத்துக்காக நான் சண்டை போடத் தயார்: கொட்டுக்காளி. 2024 ஆகஸ்டில் வாழை படம் வந்த அதே நாளில் வந்தது. பின்னணி இசையே கிடையாது. ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஷேர் ஆட்டோவில் ஏற்றிச் சாமியாரிடம் கூட்டிப்போகிறார்கள், கூடவே காலில் கயிறு கட்டிய ஒரு சேவல். படம் முடிந்ததும் தியேட்டரில் "அவ்வளவுதானா?" என்று கூச்சல். பின்வரிசையில் ஒருவர் காசைத் திருப்பிக் கேட்கப்போவதாகச் சொன்னார். எனக்கோ எழுந்திருக்கவே தோன்றவில்லை. அவளைக் கட்டிக்கொள்ளப்போகிறவனாக வரும், தொண்டையில் சுண்ணாம்பு பூசிய சூரி, அந்தப் பெண் ஒரு பாட்டை முணுமுணுத்தாள் என்பதற்காக வெறிபிடித்து அடிக்கிற காட்சி இருக்கிறதே, அதில் கண்ணை மூடிக்கொண்டேன். வழியில் ஒரு மாடு மறித்து நிற்கும். அத்தனை ஆம்பிளைகளும் தடுமாறுவார்கள். ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போவாள். ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. முடிவை நம்மிடம் விட்டுவிட்டார்கள் என்பதுதான் குறை என்றால், இயக்குநர் வினோத்ராஜ் நம்மை மதித்ததைத்தான் குறை என்கிறோம்.

அதற்கடுத்த மாதம் மெய்யழகன். இதில் எனக்கு வேறு மாதிரி வருத்தம். படம் நீளம் என்று பேச்சு கிளம்பியதும் வெளியான சில நாளிலேயே 18 நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். நான் வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். சில பேச்சு நீளம்தான், கார்த்தி சில இடத்தில் பாடம் எடுக்கிறார், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படமே ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் பேசுவதைப் பற்றியது. விட்டுப்போன ஊருக்கு வந்த அரவிந்த்சாமி, உரிமையோடு பழகுகிற கார்த்தியின் பெயர் நினைவுக்கு வராமல் தவிக்கிறார். அந்தத் தவிப்பு நமக்கும் ஏறுவதற்கு நேரம் வேண்டாமா? கல்யாண மேடையில் தங்கை புவனாவின் காலில் அரவிந்த்சாமி கொலுசு போட்டுவிடும் இடத்தில் என் பக்கத்தில் இருந்த என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவசரப்பட்டு எடுத்திருந்தால் அந்த இடம் வெறும் சென்டிமென்ட் ஆகியிருக்கும்.

வெப் சீரிஸ் பற்றி ரெண்டு வரி. சுழல் முதல் சீசன் எனக்கு ரொம்பப் பிடித்தது. மயானக் கொள்ளைத் திருவிழாவை வெறும் பின்னணியாக விடாமல் கதையோடு சேர்த்துக்கொண்டே போனார்கள். வதந்தியில் எஸ்.ஜே. சூர்யா பிரமாதம், ஆனால் எட்டுப் பகுதி காத்திருந்து கொலையாளி யார் என்று தெரிந்தபோது சப்பென்று போய்விட்டது. அப்புறம், ஓடிடியில் தமிழில் எடுத்தாலே ஒரு பெண்ணின் பிணம்தான் முதல் காட்சியாக இருக்க வேண்டுமா? கே. பாலச்சந்தரும் மர்மதேசம் எடுத்த நாகாவும் டிவியிலேயே எத்தனை விதமான கதை சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அத்தை இப்போது என் போனில் பார்க்கப் பழகிவிட்டார். கொலை இல்லாமல், பத்துப் பகுதிக்குள் முடிகிற, அத்தை வயதுப் பெண் ஒருத்தி முக்கியமாக வருகிற தமிழ்த் தொடர் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். நானும் கூட உட்கார்ந்துதான் பார்ப்பேன்.