வயரிங் ஹார்னஸ்: ‘சேணம்’ வேண்டாம், ‘கிளைவடம்’ எப்படி?

வணக்கம். வண்டியின் மின்கம்பிகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்புதான் வயரிங் ஹார்னஸ். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் குழுவில் வந்த கேள்வி இது:

> வயரிங் ஹார்னஸ் – கம்பிச்சேணம். பொருந்துமா?

பொருந்தாது ஐயா. சேணம் என்பது ஆள் உட்காரக் குதிரையின் முதுகில் போடுவது. ஹார்னஸோ வண்டி இழுக்கும் குதிரைக்குப் பூட்டும் வார். மொழிபெயர்ப்பாகப் பார்த்தாலே தடம் மாறிவிட்டது. அப்புறம், காருக்குள் குதிரை எதற்கு?

போன மாதம் 1950களில் வந்த மோரிஸ் மைனர் என்ற பிரிட்டிஷ் கார் ஒன்றுக்கு முழு வயரிங்கும் மாற்றினோம். பழையதை உருவிப் பட்டறைத் தரையில் விரித்தபோதுதான் அதன் உருவம் எனக்குப் புரிந்தது. கட்டைவிரல் தடிமனில் ஒரு தண்டு; அதிலிருந்து ஹெட்லைட்டுக்கு ஒன்று, மின்சாரம் தரும் டைனமோவுக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று என்று பிரிந்து போகிறது. மேலே சுற்றியிருந்த பருத்தி நூல் உறை தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. உள்ளே கம்பிகளின் ரப்பர் உறை, முறுக்கு மாதிரி நொறுங்கியது. நிறம் பார்த்து இணைக்கலாம் என்றால் எல்லாமே மண் நிறம். கிளிப் பிடித்திருந்த இடங்களில் மட்டும் பிரிட்டிஷ் வண்டிகளின் அசல் நிறங்கள் ஒளிந்திருந்தன: பேட்டரியிலிருந்து வருவது பழுப்பு, ஹெட்லைட்டுக்கு நீலம், எர்த்துக்குக் கறுப்பு.

இந்தக் கிளைகள் சொல்லுக்குள் வர வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது. குழுவில் வந்த ‘கம்பிக்கற்றை’யில் அது இல்லை, எனக்கு விளக்குமாறுதான் நினைவுக்கு வருகிறது. ‘கம்பிக்கொடி’ பிடித்திருந்தது, கொடி கிளைத்துப் படருமே. வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "துணி காயப்போடவா?" என்று கேட்டார்கள். சரி, அதுவும் போயிற்று.

என் பரிந்துரை: கிளைவடம். கேபிளுக்கு ‘வடம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. தேர்வடம் தெரிந்தவர்களுக்கு அது புதுச் சொல்லும் இல்லை. தண்டு, கிளை, முனை என்று உறுப்புகளுக்கும் பெயர் தானே வந்துவிடுகிறது.

கையேட்டுக்கு எழுதியும் பார்த்தேன்:

"இந்த வண்டியில் இருப்பதே இரண்டு ஃபியூஸ்; ஹெட்லைட்டுக்கு அதுவும் இல்லை. 60 வாட் ஹாலஜன் இரண்டு போட்டால் ஹைபீமில் 10 ஆம்பியர் பழைய சுவிட்ச் வழியாகவே பாயும். அதனால் பேட்டரியிலிருந்து ஃபியூஸும் ரிலேயும் வைத்து, கிளைவடத்தில் புதிதாக ஒரு கிளை சேர்க்கவும். ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சாதனம்; பழைய சுவிட்ச் அதை மட்டும் இயக்கினால் போதும்."

எங்கும் இடறவில்லை. பட்டறையில் ‘வயரிங் கிட்’ என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும். நாம் தேடுவது எழுதுவதற்கான சொல்.

ரிலே பற்றி ஒன்று. கலைச்சொல் பட்டியல்களில் அதற்கு ‘உணர்த்தி’ என்று இருக்கிறது, சென்சாருக்கு ‘உணரி’. ஒரே வரைபடத்தில் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் எலக்ட்ரீஷியன் நம்மைத் தேடி வருவார். அதற்குக் குழுவில் தனி விவாத இழை தொடங்குகிறேன்.