நெட் உண்டு, ஜேஆர்எஃப் இல்லை: மார்ச்சுக்குப் பிறகு ஆய்வுக்குப் பணம் எங்கிருந்து?

மீன்முள்:
வணக்கம். நெல்லைப் பக்கம் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் விலங்கியல் முனைவர் பட்ட ஆய்வாளராக (முழுநேரம்) இருக்கிறேன். தாமிரபரணி மீன்களின் செவுள் ஒட்டுண்ணிகள்தான் தலைப்பு. இதுவரை நெறியாளரின் திட்ட நிதியில் திட்ட உதவியாளராகச் சம்பளம் வந்தது. மார்ச்சோடு திட்டம் முடிகிறது, நீட்டிப்பு கிடையாது.

கையில் இருப்பவை: சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சி, உயிர் அறிவியல், எல்.எஸ். (உதவிப் பேராசிரியர் தகுதி) மட்டும். மாத உதவித்தொகை தரும் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) கிடைக்கவில்லை. எம்.எஸ்சி.யில் 74 விழுக்காடு, பல்கலைக்கழக ரேங்க் இல்லை. வயது 27, பி.சி. ஒரு கட்டுரை திருத்தத்துக்காகத் திரும்பி வந்திருக்கிறது. இன்ஸ்பயர், பிஎம்ஆர்எஃப் (பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை), முதலமைச்சர் உதவித்தொகை, ஃபுல்பிரைட் என்று கண்ணில் பட்ட உதவித்தொகைகளையெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். எதில் தொடங்குவது?

கரையான்புற்று:
அழிப்பதில் தொடங்குங்கள். இன்ஸ்பயர் பல்கலைக்கழக முதலிடம் பெற்றவர்களுக்கு அல்லது பட்டப்படிப்பிலேயே இன்ஸ்பயர் உதவி பெற்றவர்களுக்கு. பிஎம்ஆர்எஃப் மாதம் 70,000 என்று ஆசை காட்டும். ஐஐடி, ஐஐஎஸ்சி போன்ற குறிப்பிட்ட நிறுவனங்களில் சேர்ந்தவர்களைத் தவிர மற்றவர்கள் எட்டிப் பார்க்க முடியாது. ஃபுல்பிரைட்-நேரு 6 முதல் 9 மாதம் அமெரிக்காவில் ஆய்வு செய்துவர. அது ஏப்ரல் மாத மெஸ் பில்லைக் கட்டாது. முதலமைச்சர் உதவித்தொகைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தியது. அடுத்த அறிவிப்பு வந்தால் உதவிபெறும் கல்லூரி ஆய்வாளர்கள் வருகிறார்களா என்று வரிவரியாகப் படியுங்கள்.

தொகையைப் பார்த்துப் பட்டியல் போடாதீர்கள். பணம் யாருடைய பெயரில் வருகிறது என்று பாருங்கள். ஆய்வாளர் பெயரில் வருவது ஒன்று, நிறுவனத்தோடு வருவது ஒன்று, திட்டத்தோடு வருவது ஒன்று. உங்கள் எல்.எஸ். மூன்றாவது வகையில் செல்லும், இது பலருக்குத் தெரிவதில்லை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் விதிப்படி திட்ட ஜேஆர்எஃப் பணிக்கு நெட் போதும். உதவிப் பேராசிரியர் தகுதியும் அதில் சேர்த்தி. கேட் நுழைவுத் தேர்வுத் தேர்ச்சியும் செல்லும். 2023 ஜனவரி முதல் மாதம் ஜேஆர்எஃப் 37,000, எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வாளர்) 42,000, வீட்டு வாடகைப்படி தனி. நெட் வந்த பிறகும் திட்ட உதவியாளர் சம்பளத்துக்குத் தலையாட்டாதீர்கள்.

மீன்முள்:
நன்றி அண்ணா. எல்.எஸ். செல்லும் என்பது எங்கள் துறையில் யாருக்குமே தெரியவில்லை! சென்னையில் உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனமும் இந்திய விலங்கியல் அளவாய்வகமும் அவ்வப்போது திட்டப் பணிக்கு ஆள் எடுக்கின்றன. கிடைத்தால் போய்விடு என்கிறார் நெறியாளர்.

மரப்பெஞ்சு:
ஓய்வுபெற்ற பேராசிரியன். ஒரு நிமிடம் பொறும்மா. முழுநேரப் பதிவில் இருந்துகொண்டு வேறு ஊரில் சம்பளம் வாங்கினால் பதிவைப் பகுதிநேரமாக மாற்றச் சொல்வார்கள். பகுதிநேர ஆய்வாளருக்குப் பெரும்பாலான உதவித்தொகைகளின் கதவு மூடிவிடும். ஆய்வுக் காலமும் நீளும். அங்கே இருக்கும் விஞ்ஞானியை இணை நெறியாளராகச் சேர்க்க உங்கள் பல்கலைக்கழக விதி இடம் தருகிறதா என்று ஆராய்ச்சிப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள். வாய்மொழி அனுமதி தந்தவர் இடம் மாறிப் போனபின் திண்டாடிய மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

செவ்வந்தி:
தங்கச்சி, உங்கள் பட்டியலில் சிஎஸ்ஐஆர் நேரடி எஸ்ஆர்எஃப் ஏன் இல்லை? எனக்கு அதில்தான் கிடைத்தது. அதற்கு ஜேஆர்எஃப் தேவையில்லை. எம்.எஸ்சி. முடித்தபின் குறைந்தது இரண்டு ஆண்டு ஆராய்ச்சி அனுபவமும், வெளிவந்த கட்டுரையும் வேண்டும், பிறகு நேர்காணல். திருத்தத்தில் இருக்கும் கட்டுரை கணக்கில் வராது. ஆகவே மற்ற எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு அந்தத் திருத்தத்தை இந்த வாரமே முடித்து அனுப்புங்கள். திட்டத்தில் சேர்ந்த நாள், விலகும் நாள் இரண்டும் போட்ட அனுபவச் சான்றிதழை மார்ச்சுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். கணக்கு முடித்த திட்டத்துக்கு யாரும் கோப்பைத் தேடித் தர மாட்டார்கள்.

நேர்காணலில் என்னை உட்கார வைத்துக் கேட்டதெல்லாம் ஒரே படத்தைப் பற்றி. கட்டுரையில் உள்ள மூன்றாம் படத்தில் பிழைக்கோடுகள் எதைக் குறிக்கின்றன, மாதிரி எத்தனை, ஏன் அந்தச் சோதனை. தலைப்பின் பெருமையைப் பேச வாய்ப்பே வரவில்லை.

கரையான்புற்று:
செவ்வந்தி சொல்வது சரி, ஆனால் அதை மட்டும் நம்பினால் கட்டுரை அச்சேறி, அறிவிப்பு வந்து, முடிவு தெரிய மாதங்கள் ஓடிவிடும். இடைவெளிக்குத் திட்டப் பணி வேண்டும். ஐயா சொன்ன கடிதத்தோடு. அடுத்த நெட்டையும் எழுதுங்கள். ஜேஆர்எஃப் வயது வரம்பில் பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு, அவசரமில்லை.

ஆற்றுமணல்:
களப்பணிச் செலவுக்கு ஒரு குறிப்பு. ரஃபோர்ட் அறக்கட்டளை பாதுகாப்பு நோக்கமுள்ள களப்பணிக்குச் சிறு நிதி தரும். படிப்புக் கட்டணத்துக்குத் தராது. ஐடியா வைல்ட் கருவிகள் தரும். ஒட்டுண்ணி என்று மட்டும் எழுதினால் எடுபடாது, ஆற்று மீன் பாதுகாப்போடு சேர்த்து எழுதுங்கள்.

செவ்வந்தி:
இன்னொன்று. பி.சி. என்றால் ஓபிசி தேசிய உதவித்தொகையைப் பாருங்கள். அதற்கும் நெட் வழியாகத்தான் தேர்வு. விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் அங்கே உதவாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி, கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்ற சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

மீன்முள்:
அங்கேதான் அக்கா முட்டி நிற்கிறது. அப்பாவுக்கு நெல்லும் வாழையும். சின்னதாக உரக்கடையும் உண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் ஆண்டு வருமானம் கிரீமி லேயர் வரம்பான 8 லட்சத்தைத் தொடும் என்று கிராம நிர்வாக அலுவலர் இழுக்கிறார்.

மரப்பெஞ்சு:
கூட்டக் கூடாது. கிரீமி லேயர் வருமானக் கணக்கில் விவசாய வருமானமும் சம்பளமும் சேராது. நிலத்துக்குப் பரப்பளவுக் கணக்கு தனி. நில உச்சவரம்பை நெருங்கும் அளவுக்குப் பாசன நிலம் இருந்தால்தான் தடை. உரக்கடை வருமானம் மட்டும் பாருங்கள், மூன்று ஆண்டுகளுக்கு. அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் 1993-ஆம் ஆண்டு மத்திய அரசு ஆணையின் நகலோடு வட்டாட்சியரிடம் போங்கள்.

மீன்முள்:
திங்கட்கிழமை அப்பாவோடு தாலுகா அலுவலகம் போகிறேன். பல்கலைக்கழகத்துக்கான கடிதத்தை எழுதிவிட்டேன். நெறியாளர் கையெழுத்துப் போட்டதும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

மரப்பெஞ்சு:
தபாலோடு நிறுத்தாதீர்கள். நேரில் ஒரு நகல் கொடுத்து, உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.