'தன்னுருமாற்றி' பொருந்துமா? தாமே மாற்றி இணைந்துகொள்ளும் ரோபோக்களுக்கான கலைச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

கட்டகங்கள் (module) எனப்படும் சிறு அலகுகளால் ஆகி, அவற்றின் பிணைப்பைத் தானே மாற்றி வேறு வடிவம் பெறும் ரோபோவை ஆங்கிலத்தில் self-reconfiguring modular robot என்பர். இதற்குத் தமிழில் 'தன்னுருமாற்றி ரோபோ' என்னும் பரிந்துரை சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. ஆயினும் இந்த ரோபோவில் உண்மையில் மாறுவது எது என்று பார்த்த பிறகே அதை ஏற்க வேண்டும். உயிரியலில் உருமாற்றம் என்றால் புழுவின் உடலே வேறாகிவிடுகிறது. இங்கோ எந்தக் கட்டகமும் மாறுவதில்லை. ஜப்பானில் உருவான எம்-டிரான் என்னும் இத்தகைய ரோபோவின் ஒவ்வொரு கட்டகமும், ஒருபுறம் வளைந்த இரண்டு பெட்டிகளை ஒரு தண்டால் இணைத்தது. பெட்டிகள் தனித்தனியே 180 பாகை அளவுக்குத் திரும்பும். நான்கு காலில் நடந்த அதே கட்டகங்கள், சில பிணைப்புகளை விடுவித்து வேறு சிலவற்றைப் பற்றிக்கொண்டு, நெளிந்து செல்லும் நீள்வரிசையாகிவிடுகின்றன. எந்த முகம் எந்த முகத்தோடு பிணைந்திருக்கிறது என்பது மட்டுமே மாறியிருக்கிறது.

ஆகவே 'தன்மறுபிணைவுக் கட்டக ரோபோ' என்பதை முன்மொழிகிறேன். (reconfiguration என்பதற்கு 'மறுகட்டமைப்பு' என்றால் வங்கிக் கடன்தான் நினைவுக்கு வருகிறது.) module என்பதற்குக் 'கூறு' என்றும் சொல்லலாமே எனலாம்; ஆனால் 'கூறு' என்பது முழுமையிலிருந்து பிரிந்த பகுதியைக் குறிக்கும், இவை ஒவ்வொன்றும் தனக்கென மோட்டாரும் செயலியும் கொண்டவை என்பதால் 'கட்டகம்' என்பதே தகும்.

இணையும் பரப்பைப் 'பிணைமுகம்' எனலாம். வடிவமைப்பவர்கள் அதிகம் திணறுவது இங்கேதான். ஒரு முகத்தில் முளையும் மற்றொன்றில் குழியுமாக வைத்தால், முளை முகங்கள் இரண்டு எதிர்ப்பட்டாலே பிணைய முடியாது; எனவே ஒவ்வொரு முகத்திலும் இரண்டையும் அமைத்து, 90 பாகை திருப்பினாலும் பொருந்துமாறு செய்வதுண்டு. இதற்கு 'இருபாற் பிணைமுகம்' சரியாக வரும். நிரந்தரக் காந்தங்களை வைத்தால் பிணைவது எளிது, பிரிப்பதுதான் பாடு: எம்-டிரானின் தொடக்கப் பதிப்புகளில், சூடேறினால் பழைய வடிவுக்குத் திரும்பும் உலோகக்கலவைச் சுருள்வில் அந்த வேலையைச் செய்தது, மூன்றாம் பதிப்பில் கொக்கிகள் வந்துவிட்டன.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2013இல் காட்டிய எம்-பிளாக்ஸ் என்னும் கனசதுர ரோபோக்களுக்குத் 'தன்மறுபிணைவு' என்னும் சொல் பொருந்துமா என்று கேட்கலாம். அவற்றினுள் நிமிடத்திற்கு 20,000 சுற்றுகள் வரை சுழலும் சக்கரம் திடீரென நிறுத்தப்படும்போது கனசதுரம் உருண்டு, அடுத்ததன்மேல் ஏறிக் காந்தத்தால் ஒட்டிக்கொள்கிறது. நகரும் முறை வேறானாலும், நிகழ்வது மறுபிணைவுதான். இவ்வாறு கட்டங்களில் அமர்பவற்றை, படிக இயற்பியலில் புழங்கும் சொல்லையே எடுத்து 'அணிக்கோவை வகை' என்றும், தொடராக அசைபவற்றைச் 'சங்கிலி வகை' என்றும் பிரிக்கலாம்.

பிரியும் செயலுக்குப் 'பிணைநீக்கம்' என்றால், ஜாமீன் ரத்தானது போல ஒலிக்கிறது. 'பிணைவிடுப்பு' எனக்கு ஓரளவு நிறைவளிக்கிறது. இதைவிடச் சுருக்கமான சொல் இருந்தால் தெரிவியுங்கள்.