மலையிறக்கத்தில் வலி மருந்து: உங்கள் வழக்கம் என்ன?

குன்னூர், கோத்தகிரி பக்கம் மயக்க மருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி.

தொடை எலும்பு முறிந்தவரைக் கோவைக்கு இறக்கும் முன் ஃபேஷியா இலியாக்கா பிளாக் (தொடை நரம்புகளை மரக்கச் செய்ய இடுப்பு மடிப்புக்கு அருகே போடும் ஊசி) போடுகிறோம். 50 கிலோ ஆளுக்கு மரப்பு மருந்தான 0.25% புபிவகெய்ன் 30 மில்லி, அதாவது 75 மில்லிகிராம். கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்ற வரம்புக்குள்தான். ஊசி இறங்கும்போது கையில் இரண்டு 'டப்' தெரிய வேண்டும். ஒன்றோடு நிறுத்தினால் மருந்து மேலடுக்கிலேயே தங்கிவிடும். வேலை செய்ய 20–30 நிமிடம் ஆகும்; அதற்குள் வண்டியில் ஏற்றினால் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே அலறல்தான். மரப்பு மருந்து ரத்தத்தில் ஏறி நஞ்சானால் கொடுக்க வேண்டிய 20% லிப்பிட் (கொழுப்புக் கரைசல்) பாட்டில் பக்கத்தில் இல்லாமல் ஊசியைத் தொடுவதில்லை.

சிக்கல் முழங்காலுக்குக் கீழே. டிபியா (கணுக்கால் வரையிலான முன்னெலும்பு) முறிவில் அடர்த்தியான பிளாக் போட்டால், தசைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடும் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமின் வலி மறைந்துவிடும் என்ற பயம். அதனால் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், கூடவே கெட்டமின் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், 15 நிமிடத்தில் மெதுவாக. வேகமாகத் தள்ளினால் பிதற்றல். ஆனால் இறங்கும் வழியில் பர்லியார் தாண்டும்போது மறுபடி வலி.

சிரிஞ்ச் பம்ப் இல்லாத ஆம்புலன்ஸில் எப்படித் தொடர்கிறீர்கள்? கெட்டமினை 100 மில்லி சலைனில் கலந்து மைக்ரோ டிரிப்பா (சிறு சொட்டாக ஏற்றும் குழாய்)? வளைவுகளில் குலுங்கும்போது சொட்டு எண்ணிக்கை நம்பும்படி இருக்கிறதா? அல்லது ஃபென்டனில் என்ற வலி மருந்து சிறு சிறு டோஸா, கூட யார் போகிறார்கள்?

இன்னொன்று: பிளாக் போட்ட நேரத்தை எங்கே எழுதுகிறீர்கள்? சீட்டு தொலைகிறது. இப்போதைக்குத் தொடையிலேயே மார்க்கரால் எழுதி அனுப்புகிறோம்.