சிப் இருந்தும் 'நோ ஐடி' காட்டிய ரீடர்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு சாயங்காலம், ரோட்டோரம் நனைந்து நின்ற லாப்ரடார் ஒன்றை ஆட்டோவில் ஏற்றி எங்கள் கிளினிக்குக் கொண்டுவந்தார்கள். பெயர்ப்பட்டை இல்லை, செயின் மட்டும் இருந்தது. டேபிளில் ஏற்றி, தோள்பட்டைகளுக்கு நடுவே மைக்ரோசிப் ரீடரை (தோலுக்கடியில் போட்டிருக்கும் சிப்பின் அடையாள எண்ணைப் படிக்கும் கருவி) வைத்து அழுத்தினேன். பீப் அடித்து 'நோ ஐடி ஃபவுண்ட்' என்று வந்தது. மறுபடியும் அதேதான். 'சிப் இல்லை' என்று நோட்டில் எழுதிவிட்டேன்.

டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "செயினைக் கழற்றி, கீழே இறக்கிப் பாரும்மா" என்றார். எங்கள் டேபிள் எவர்சில்வர் தகடு. ரப்பர் பாயில் நிறுத்தி, கழுத்திலிருந்து மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தேன். இடது முன்னங்கால் பக்கம், மூட்டுக்குச் சற்று மேலே, 15 இலக்க எண் விழுந்தது! சிப் போட்ட கிளினிக்கைப் பிடித்து, ராத்திரிக்குள் வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அந்த நாய் அவர்கள் மேல் தாவியதைப் பார்த்தபோது, நான் நோட்டில் எழுதிய இரண்டு வார்த்தைதான் மனதை அறுத்தது.

அரிசி மணி அளவுள்ள அந்தச் சிப்பில் பேட்டரி கிடையாது. ரீடருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் உண்டாக்கும் காந்தப்புலத்தில்தான் அது உயிர் பெற்று எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. பக்கத்தில் இரும்போ எவர்சில்வரோ இருந்தால் அந்தப் புலம் குலைந்துவிடும். ஈரத்தால் பெரிய தொந்தரவு இல்லை. 'லோ பேட்டரி' வந்தபிறகும் ஸ்கேன் பண்ணினால் எட்டும் தூரம் குறையும். சரி என்று சார்ஜரைச் செருகிக்கொண்டே பார்த்தால், சில சார்ஜர்களின் மின் இரைச்சலே எண்ணை விழவிடாது. தோலுக்கடியில் சிப் நகர்வதும் உண்டு. அதனால் கழுத்து, இரண்டு தோள், முன்னங்கால் எல்லாம் பார்க்க வேண்டும். அப்புறம் ரீடரைத் திருப்பிப் பிடித்து இன்னொரு தரம். இப்போதெல்லாம் நோட்டில் 'எண் விழவில்லை, நாளை மறுபடி பார்க்க' என்றுதான் எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

*

அக்கா, எங்கள் வீட்டு நாயை ஜெர்மனிக்குக் கூட்டிப்போகத் தயாரானபோது இதே 'நோ ஐடி'. ஆனால் டேபிளும் இல்லை, செயினும் இல்லை. வேறொரு கிளினிக்கின் ரீடரில் 10 இலக்க எண் வந்தது. அது பழைய 125 கிலோஹெர்ட்ஸ் சிப்பாம். முதல் ரீடர் 134.2 கிலோஹெர்ட்ஸ் சிப்பை மட்டும்தான் படிக்குமாம். ஐரோப்பாவுக்கு அந்த 134.2 வகை, அதாவது சர்வதேசத் தர (ஐஎஸ்ஓ) சிப் வேண்டும், இல்லையென்றால் நம் சிப்பைப் படிக்கும் ரீடரை நாமே கொண்டுபோக வேண்டும். நாங்கள் புதுச் சிப் போட்டோம். அங்கேதான் இடி விழுந்தது. சிப் போட்டபிறகு போடும் வெறிநாய்த் தடுப்பூசிதான் கணக்கில் சேருமாம். ஊசி, அதன்பின் 30 நாள், ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு மூன்று மாதம். பயணமே தள்ளிப்போனது. டிக்கெட் போடுவதற்கு முன்னால் சிப்பைப் படித்துப் பாருங்கள், தயவுசெய்து.

*

ஒரு கோயில் யானைக்குச் சிப் சரிபார்த்தபோது நான் உடன் நின்றேன். யானைக்கு இடது காதுக்குப் பின்னால் போட்டிருப்பார்கள். ரீடர் மூன்று தரம் இல்லை என்றது. பாகர் அண்ணன் ஒன்றும் பேசாமல் கழுத்துச் சங்கிலியை ஒரு முழம் பின்னால் தள்ளிவிட்டு, காதைத் தூக்கிப் பிடித்தார். தோலோடு ஒட்டி வைத்ததும் எண் வந்துவிட்டது.