லைஃப்ராஃப்ட் பெட்டிக்குள் தண்ணீர் சத்தம், திறந்து பார்க்கலாமா?

கேட்டவர்: அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். 34 அடி பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கியிருக்கிறேன், லங்காவியில் நிற்கிறது. கூடவே நாலு பேருக்கான லைஃப்ராஃப்ட் (படகு மூழ்கினால் ஏறித் தப்பிக்க, காற்றடைத்து விரியும் மிதவை), மேல்தட்டில் வெள்ளை ஃபைபர் பெட்டியில். கடைசி சர்வீஸ் 2019 என்று ஸ்டிக்கர் சொல்கிறது. பெட்டியைச் சாய்த்தால் உள்ளே தண்ணீர் குலுங்குகிறது. அடுத்த மாதம் புக்கெட் போகணும். டேப்பை வெட்டித் திறந்து துடைத்துவிட்டு மூடிவிடலாமா, இல்லை கயிற்றை இழுத்து விரிகிறதா என்று பார்த்துவிடலாமா?

பதில் 1: இரண்டும் வேண்டாம் தம்பி. இழுத்தால் சிலிண்டரில் உள்ள கார்பன் டை ஆக்சைடு மொத்தமும் ஒரே மூச்சில் பாயும், அந்தக் குளிரும் வேகமும் பழைய ஒட்டுகளுக்கு ஆகாது, அப்புறம் அதை மடித்து அதே பெட்டிக்குள் அடைக்க உங்களால் ஆகவே ஆகாது. சர்வீஸில் உலர்ந்த காற்றை அடைத்து மணிக்கணக்கில் வைத்துப் பார்ப்பார்கள், சிலிண்டரை எடை போடுவார்கள். இருக்க வேண்டிய எடை அதிலேயே பொறித்திருக்கும், குறைந்தால் வாயு கசிந்திருக்கிறது. சத்தம் ராஃப்டோடு வைக்கும் குடிநீர்ப் பாக்கெட்டாக இருக்காது, அதெல்லாம் இறுக்கி மடித்திருக்கும். பெட்டிக்கு அடியில் வடிகால் ஓட்டை இருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேட்டவர்: அண்ணே, பழைய ஓனர் ஓட்டையை சிலிக்கான் வைத்து அடைத்திருக்கிறார்! குத்தி எடுத்ததும் டீ மாதிரி துருத்தண்ணீர் வடிந்தது. இன்னொன்று, படகு மூழ்கினால் பெட்டியைத் தானாக விடுவிக்கிற ஹாமர் எச்20 ரிலீஸில் 2021 என்று குறித்திருக்கிறது. பெயிண்டரை, அதாவது இழுத்தால் ராஃப்டை விரிக்கிற கயிற்றை, எச்20இன் வெள்ளைக் கயிற்று வளையத்தில் கட்டியிருக்கிறார்கள், சரிதானே?

பதில் 2: சரியே இல்லை. படகு மூழ்கும்போது 1.5 முதல் 4 மீட்டர் ஆழத்துக்குள் எச்20 வெட்டுவது அந்த வெள்ளைக் கயிற்றைத்தான். பெயிண்டர் அதில் இருந்தால் அதுவும் கழன்றுவிடும், இழுக்க ஆளில்லாமல் பெட்டி விரியாமலே மிதந்து போகும். பெயிண்டர் போக வேண்டிய இடம் சிவப்பு வீக் லிங்க், பலமாக இழுத்தால் அறுந்துவிடும் இணைப்பு. பெட்டி மேலே வரும்போது கயிறு இறுகி ராஃப்ட் விரியும், அப்புறம் சிவப்பு அறுந்து விடுபடும். எச்20க்கு ஆயுள் இரண்டு வருடம், சர்வீஸ் எல்லாம் கிடையாது, புதுசு வாங்குங்கள்.

பதில் 3: ராஃப்ட் இருக்கிறதே என்று சீக்கிரம் குதித்தும் விடாதீர்கள். 1979இல் புயலில் சிக்கிய ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் ஆட்கள் கைவிட்டுப் போன 24 படகுகளில் மூழ்கியது ஐந்துதான்.

கேட்டவர்: சர்வீஸில் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். குழாய்கள் காற்றைப் பிடித்து நிற்கின்றன, சிலிண்டர்தான் போச்சு: கழுத்தெல்லாம் துரு, எடை 300 கிராம் குறைவு. ராஃப்டுக்குள் இருந்த டார்ச்சின் பேட்டரி கசிந்து, பக்கத்தில் இருந்த ஃப்ளேரில் (ஆபத்தில் கொளுத்திக் காட்டும் தீச்சுடர்) பச்சையாக ஒட்டியிருந்தது. ஃப்ளேரும் காலாவதி. புது சிலிண்டர் வர மூன்று வாரமாம். புக்கெட்டைத் தள்ளிப்போட்டாச்சு.